விலை ஒட்டின கத்தரிக்காய்

ஒவ்வொரு வருசமும் புது பட்ச் வந்து திருநெல்வேலியில் ரூம் எடுத்தவுடனே சீனியர்மார் சொல்லுகிற ஒரு அறிவுரை இருக்கிறது. "சாமான் வாங்க சுப்பர் மார்க்கெற்றுக்குப் போங்கோ. விலை ஒட்டியிருக்கும். ஒருத்தரும் ஏமாத்தேலாது." எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஒன்றரை வருசம் நானும் அதைக் கேட்டு நடந்தேன். பிறகு வந்த பிள்ளைகளுக்கு அதையே சொல்லியும் இருக்கிறேன். அந்தப் பாவத்துக்குத்தான் இந்தக் கட்டுரை.

கம்பஸிலிருந்து பலாலி வீதிக்கு ஏறினால் திருநெல்வேலிச் சந்தை நடை தூரம். கோண்டாவில், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் தோட்டத்தில் பிடுங்கின கீரையும் வெங்காயமும் விடியவே அங்கே வந்துவிடும். ஒரு ஆளுக்குச் சமைக்கிறவளுக்கு என்ன வேணும்? ஒரு கூறு கத்தரிக்காய், ஒரு பிடி பச்சை மிளகாய். "நூறு ரூபாய்க்குத் தாங்கோ அம்மா" என்று அங்கே கேட்கலாம். கறிவேப்பிலை ஒரு நெட்டு சும்மாவே வரும். மகாபொல 5000 ரூபாவாய் இருந்து 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் 7500 ஆனது. அதை வைத்து மாதத்தை ஓட்டுகிற நாங்கள், பொலித்தீன் சுற்றின தட்டில் பளபளக்கிற நாலு கத்தரிக்காய்க்கு ஏசிக் காற்றுக்கும் சேர்த்துக் காசு கட்டுகிறோம்.

"அவையளும் விவசாயியிட்ட நேரடியாத்தானே வாங்கினம்" என்று ஒரு நண்பன் வாதாடினான். வாங்குகிறார்கள்தான். ஆனால் தரம் பார்த்து, நேரானதை மட்டும் பொறுக்கி எடுக்கிறார்கள். வளைந்த கத்தரிக்காயோடு தோட்டக்காரன் பிறகும் சந்தைக்குத்தான் வரவேணும். அங்கே வாங்க நாங்கள் இல்லை. நாங்கள் உலகமயமாக்கல் பற்றி அசைன்மென்ட் எழுதிக்கொண்டு இருக்கிறோம்.

சந்தையைக் கோயிலாக்க நான் வரவில்லை. யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் விவசாயி கொண்டுவருகிற நிறையில் பத்து வீதத்தைக் 'கழிவு' என்று வெட்டுகிற வழக்கத்தை எதிர்த்து எத்தனை தரம் கத்தியாச்சு. நூறு கிலோ கொண்டுவந்தவனுக்குத் தொண்ணூறு கிலோவுக்குக் காசு. இது பகல் கொள்ளை. இன்னொன்று, பொம்பிளைப் பிள்ளைகள் தனியப் போனால் வருகிற கதைகள். குருநாகலில் இருந்து வந்த என்ர ரூம்மேட்டுக்குத் தமிழில் விலை கேட்கவே பயம். விலை ஒட்டியிருப்பது அவளுக்குச் சொகுசு இல்லை, தேவை. அந்த அறிவுரையில் இருக்கிற ஒரே நியாயமும் அதுதான்.

ஆனால் விலையைக் காட்சிப்படுத்த வேணும் என்று 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமே சொல்லுகிறது. சந்தை நல்லூர் பிரதேச சபையின்ர பொறுப்பில் இருக்கிறது. தமிழிலும் சிங்களத்திலும் விலைப்பலகை வையுங்கோ என்று ஒன்றியம் ஒரு கடிதம் எழுத எவ்வளவு நேரம் எடுக்கும்? எல்லாத்துக்கும் பனர் கட்டுகிற எங்களுக்கு இது மட்டும் கண்ணில் படவில்லை.

எனக்கு உண்மையாகச் சுடுகிற விசயம் சந்தை இல்லை. எங்கள் ஒழுங்கை முகப்பில் இருக்கிற சின்னக் கடை.

2022இல் நான் முதலாம் வருசம். காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை, அரிசி விலை கிழமைக்குக் கிழமை ஏறுது. வீட்டிலிருந்து காசு வராத கிழமையில் கண்ணாடிக் கதவுக்குள்ளே போய் என்ன செய்ய? அந்தக் கடை அன்ரிதான் அரிசியும் பருப்பும் தந்தா. கடன் கொப்பியில் என்ர பேரைக்கூட எழுதவில்லை, 'கம்பஸ் பிள்ளை, நீல கேற்' என்றுதான் எழுதினா. "மகாபொல விழேக்க தாங்கோ பிள்ளை." அந்தக் கொப்பியில் எங்கள் வீட்டிலிருந்து மட்டும் ஆறு பேர் இருந்தோம்.

நிலைமை கொஞ்சம் சீரானதும் கடனைக் கட்டினோம், அடுத்த கிழமையே சுப்பர் மார்க்கெற்றுக்குப் போனோம். புள்ளி சேர்க்கிற காட்டும் எடுத்தோம். கடனுக்கு ஒரு கடை, காசுக்கு இன்னொரு கடை. இப்ப அன்ரியின்ர தட்டுகள் பாதி வெறுமை. சோடாவும் றீலோடும்தான் போகுது. "பருப்பு எடுத்தா வண்டுதான் பிடிக்கும் பிள்ளை, ஆர் வாங்கினம்?" என்று போன மாசம் சொன்னா. அதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது என் முதுகுப் பைக்குள்ளே ஒரு கிலோ பருப்பு இருந்தது. சொப்பிங் பையோடு அவவின்ர முன்னால் போக வெட்கம் என்று, ஒழுங்கைக்குள் திரும்ப முதலே மடித்து உள்ளே வைத்திருந்தேன். நான் மட்டும் இல்லை, எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம் என்று பிறகுதான் தெரிந்தது.

சம்பூவும் பற்றரியும் வேணுமென்றால் போய் வாங்குங்கோ, நானும் போவேன். அரிசி, பருப்பு, சீனி ஒழுங்கைக் கடையில். மரக்கறி சந்தையில். தனியப் போகப் பயமென்றால் நாலு பேராகப் போவோம். ஞாயிறு விடிய ஆறரைக்கு நானும் ரூம்மேட்டும் கம்பஸ் வாசலில் நிற்போம். பை கொண்டு வாங்கோ.