பீலித் தண்ணீர்

பசறை ரோட்டுத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்த தம்பி ஒருவர், கடன்பட்டு மேசை லேசர் மெசின் வாங்கி, பதுளை டவுனில் சின்னதாகக் கடை போட்டிருக்கிறார். பாடசாலைகளுக்குக் கேடயம், வீடுகளுக்குப் பெயர்ப் பலகை, இதுதான் பிழைப்பு. போன வாரம் போன் எடுத்தார்.

"அண்ணே, தலை ஓடுது, பலகையில ஒரு கோடுகூட விழல. டியூப் போயிருச்சு போல. நாளன்னைக்கு பரிசளிப்பு."

போனதும் டெஸ்ட் பட்டனை அமுக்கி, மில்லி ஆம்பியர் மீட்டரைப் பார்த்தேன். முள் எழும்பியும் வெட்டாவிட்டால், பெரும்பாலும் கண்ணாடியிலோ லென்சிலோதான் கோளாறு. இங்கே முள் அசையவேயில்லை. டியூபுக்குக் கரண்டே போகவில்லை. இந்த நிலையில் உடனே டியூபைக் குற்றம் சொல்லிப் புதிதாக வாங்குகிறவர்கள் பலர். காசு செலவில்லாத இடத்திலிருந்து தேட வேண்டும் என்பது என் பிடிவாதம். மூடி சுவிட்ச் சரி. அடுத்தது தண்ணீர்.

தம்பியின் மெசினில் இருப்பது கரியமிலவாயு லேசர். அதை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கியவர், இந்தியாவின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல். உள்ளே போகும் மின்சாரத்தில் பெரும்பங்கு சூடாகத்தான் மாறும். அதனால் கண்ணாடிக் குழாயைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டம் நின்றால் ஒரு சின்ன சுவிட்ச் லேசரை நிறுத்திவிடும்.

தம்பி பீலித் தண்ணீரை, அதாவது குழாய்த் தண்ணீரை, வாளியில் பிடித்து, மாதக்கணக்காக ஜன்னலோரம் வைத்திருந்தார். மெயினை அணைத்துவிட்டு அந்தச் சுவிட்சைக் கழற்றினேன். பச்சை நூல் மாதிரிப் பாசி சுற்றி, உள்ளேயிருந்த நாக்கு நகர இடமில்லாமல் ஒட்டிக்கிடந்தது.

சுவிட்சின் இரண்டு கம்பியையும் முறுக்கிவிட்டால் சுடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்களாம். கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. சுடும்தான். தண்ணீர் நிற்கும் நாளில் குழாய் வெடித்துப் போகும், கடன் மட்டும் மிஞ்சும். டியூபுக்குப் போகும் சிவப்பு வயரையும் தொட்டுப் பார்க்க இருந்தாராம். சுவரில் வருவது 230 வோல்ட். அந்த வயரிலோ 15,000 வோல்ட் அளவில் இருக்கும். பிளக்கைக் கழற்றினாலும் உள்ளே மின்சாரம் தங்கி நிற்கலாம். "தம்பி, அதுல கை வச்சிராதீங்க" என்று இரண்டு முறை சொன்னேன்.

பழைய பல் பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்தெடுத்தோம். பேட்டரிக்கு விடும் வடித்த தண்ணீரை வாங்கிவந்து வாளியை நிரப்பி, வெளிச்சம் படாமல் கறுப்புத் துணியால் மூடினோம். சுவிட்சைப் பழையபடி பூட்டி, ஓட்டத்தைப் பார்த்துவிட்டுத் தம்பி பட்டனை அமுக்கினார். முள் எழும்பியது. பலகையில் 'முதலாம் பரிசு' என்பதன் 'மு' புகையோடு பதியத் தொடங்கியது.