பாலிடெக்னிக் போன பிள்ளை அரசுப் பள்ளி மாணவர் இல்லையா?

டிப்ளமோ முடித்தவர்கள் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்தால் நம் காலனிகளில் ஒரே பேச்சுதான்: "சீட்டு கிடைச்சிடும், பணத்துக்கு எங்க போறது?"

ஒரே தெருவில் இரண்டு பிள்ளைகள், 10-ஆம் வகுப்பு வரை ஒரே அரசுப் பள்ளி, ஒரே பெஞ்சு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பிளஸ் 1 சேர்கிறார். மற்றவர் பாலிடெக்னிக் போகிறார். மூன்று வருடத்தில் கையில் ஒரு தொழில். வேலை கிடைத்தால் வீட்டுக்கு ஒரு சம்பளம், இல்லையென்றால் மேலே பி.இ. என்பது அந்த வீட்டின் கணக்கு. தப்பான கணக்கு இல்லை. பிளஸ் 2 டியூஷன் செலவுக்கு வழியில்லாத எத்தனையோ பேரைப் பொறியாளர் ஆக்கிய பாதை அது.

பிளஸ் 2 முடித்தவருக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டம் துணைக்கு வருகிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 7.5 சதவீத இடம். கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசு ஏற்கிறது. நீதிபதி டி.முருகேசன் ஆணையத்தின் பரிந்துரையில் வந்த இந்தச் சட்டத்தை அன்று வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆனால் 10-ஆம் வகுப்போடு பாலிடெக்னிக் போனவருக்கு 11, 12 வகுப்புகளே கிடையாது. ஆகவே பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர் சட்டத்தின் கணக்கில் வரவில்லை.

"எஸ்.சி.க்கு 18 சதவீதம் இருக்கிறது, அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் இருக்கிறது, போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் இருக்கிறது, இன்னும் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. இடம் இருக்கிறது, உண்மை. உதவித்தொகைக்குத்தான் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் விதி சொல்கிறது. 2013-ல் வைத்த வரம்பு அது. மாதத்துக்குப் பிரித்தால் 20,833 ரூபாய். நகராட்சியில் பணி நிரந்தரமான தூய்மைப் பணியாளரின் சம்பளமே இதைத் தாண்டிவிடும். குப்பை அள்ளும் அப்பாவின் சம்பளச் சீட்டே பிள்ளையின் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்ய வைக்கிறது. 7.5 சதவீதத்துக்கு இப்படி வருமான வரம்பு எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றைப் பெற்றோர் காதில் போட்டுவைக்க வேண்டும். கலந்தாய்வுக்கு முன்பே ஊருக்குள் ஏஜெண்டுகள் வந்துவிடுகிறார்கள். "எஸ்.சி. பையன் பைசா கட்ட வேண்டாம், ஸ்காலர்ஷிப் வந்துவிடும்" என்று சொல்லி டி.சி.யையும் டிப்ளமோ சான்றிதழையும் வாங்கிக்கொண்டு போய் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடுகிறார்கள். 2018-ல் திருத்திய விதிகளின்படி நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு அந்த மத்திய உதவித்தொகை கிடையாது. செமஸ்டர் தேர்வு நெருங்கும்போதுதான் வீட்டுக்கு இது தெரிகிறது. அப்படிச் சிக்கிய சான்றிதழை மீட்க ஒரு கல்லூரி வாசலில் மூன்று நாள் நின்றிருக்கிறோம்.

கட்டணம் கட்டிச் சேர்ந்தாலும் முதலாண்டுக் கணிதம் இல்லாமல் நேராக மூன்றாம் செமஸ்டர். சிவில், மெக்கானிக்கல் மாணவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் அங்கே காத்திருப்பது ஃபூரியர் தொடரும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடும். லேத் பட்டறையில் யாருக்கும் சளைக்காதவர் இந்த ஒரு தாளில் அரியர் வைத்தால், "கோட்டாவில் வந்தவன்" என்ற பேச்சு உடனே வந்துவிடும். சேர்ந்ததும் ஒரு மாதம் கணிதப் பயிற்சி கொடுத்தால் பாதி அரியர் குறையும் என்பது நம் கணிப்பு.

நாம் கேட்பது ஒரு சட்டத் திருத்தம். 10 வரை அரசுப் பள்ளி, பிறகு அரசு பாலிடெக்னிக் என்று படித்தவரையும் தகுதியில் சேர்த்து, நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கைக்கும் 7.5 சதவீதத்தை நீட்டிக்க வேண்டும். மாவட்டத்தின் எல்லா சட்டமன்ற உறுப்பினர்களிடமும், கட்சி பார்க்காமல், மனு கொடுக்கப் போகிறோம். டிப்ளமோ இறுதியாண்டு மாணவர்கள் கையெழுத்திட வரலாம். வரும்போது சாதிச் சான்று, வருமானச் சான்று நகல் இருந்தால் கலந்தாய்வு விண்ணப்பத்தையும் சேர்த்தே நிரப்பிக் கொடுக்கிறோம். அசல் சான்றிதழை அதுவரை எவரிடமும் கொடுக்க வேண்டாம்.