வண்டியின் தோலும் எலும்பும்

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை நம் காரை வீட்டு வாயிலுக்குள் திருப்புகையில், ஈரத்தில் சக்கரம் வழுக்கி, இடப்பக்க முன்மூலை சுற்றுச்சுவர்த் தூணில் மோதியது. ஆளுக்கு அடியில்லை. மட்கார்டு உள்வாங்கிற்று, முன்விளக்கு நொறுங்கிற்று, பம்பர் ஒருபுறம் தொங்கிற்று. பட்டறைக்காரர் சொன்ன தொகையோ பிள்ளைகளின் ஒரு பருவக் கல்விக் கட்டணத்துக்கு நிகராயிருந்தது. "நாமே செய்தால் என்ன?" என்ற எண்ணம் அன்றிரவே எழுந்தது. நல்லெண்ணந்தான், ஆயினும் எல்லையறிந்து இறங்க வேண்டிய வேலை அது.

காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க எண்ணுவோர், முதலில் அதற்குத் தெரிவித்துவிட வேண்டும்; பார்வையிட வருபவர் பார்க்குமுன் வண்டியில் கைவைத்தலாகாது. விபத்தில் எவரேனும் காயமுற்றிருந்தால், அவருக்கு மருத்துவ உதவி கிட்டச் செய்வதும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பதும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநர்மேல் சுமத்தும் கடமைகள்.

இனி, வண்டியின் அமைப்பைச் சற்று அறிந்துகொள்வோம். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தரையும் தூண்களும் கூரையும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட ஒரே கூடு. மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்துப் பொறியாளர் பேலா பரெனி 1950-களின் தொடக்கத்தில் ஓர் உண்மையைச் செயலாக்கினார்: வண்டியின் முன்புறமும் பின்புறமும் கசங்கி மோதலின் விசையை வாங்கிக்கொண்டால், நடுவில் இருப்போர் பிழைப்பர். 1959-இல் அந்நிறுவனத்தின் வண்டிகளில் இவ்வமைப்பு வந்தது. ஆகவே மட்கார்டும் கதவின் மேல்தகடும் வண்டிக்குத் தோல். பம்பருக்குப் பின்னுள்ள நீள உத்திரங்கள் எலும்பு. தோலை நாம் தைக்கலாம். எலும்பு முறிவுக்கு வைத்தியர் வேண்டும்.

எலும்பு கோணியதா என அறிய ஓர் அளவுநாடா போதும். பானட்டைத் திறந்து, இருபுறமும் ஒரே இடத்தில் அமைந்த திருகாணிகளைத் தேர்ந்து, மூலைக்கு மூலை குறுக்காக இருவழியும் அளக்க வேண்டும். இரண்டும் ஒத்திருத்தல் நலம். நம் வண்டியில் 12 மில்லிமீட்டர் வேறுபட்டது. பம்பரைக் கழற்றிப் பார்த்தபோது இடப்பக்க உத்திரம் மடங்கியிருந்தது.

"சங்கிலி கட்டி இழுத்து, மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்?" என்றோம். இல்லத்தரசி கேட்டார்: "அந்தப் பக்கத்து இருக்கையில் உட்காருகிறவள் நம் மகள். மறுபடி அடிபட்டால் பெயிண்டா அவளைத் தாங்கும்?"

விடை கூற நம்மால் இயலவில்லை. உத்திரம் பட்டறைக்குப் போயிற்று. மட்கார்டு நம் கைக்கு வந்தது.

பாட்டரியின் எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றினோம். பெட்ரோல் வாடை வந்தால் நெருப்பும் பொறியும் அணுகலாகாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் ஒருபோதும் நுழையக் கூடாது. காற்றுப் பையையும் மோதலில் இறுகிய இருக்கைப் பட்டையையும் தொடாமல் தேர்ந்தவரிடம் விடுக.

பள்ளத்தின் நடுவில் ஓங்கி அடித்தால் தகடு விரிந்து உப்பிவிடும். வெளிப்புறம் கனத்த இரும்புக் கட்டையை அணைத்துப் பிடித்து, விளிம்பிலிருந்து தொடங்கி, உட்புறம் சிறு தட்டல்களாய்த் தட்டினோம். இரண்டு ஞாயிறு மாலைகள் கழிந்தன. எஞ்சிய குழிகளுக்குப் பட்டி பூசினோம். அது 3 மில்லிமீட்டருக்கு மிகுந்தால் நாளடைவில் வெடிக்கும். உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, துரு ஏறுமுன் பிரைமர் பூசினோம். கலவையாய் வரும் இருபொருள் வண்ணங்களின் ஆவி நுரையீரலைக் கெடுக்கும். அவற்றை வீட்டில் தெளித்தலாகாது. நிறம் பூசும் பணியையும் பட்டறையிலேயே முடித்துக்கொண்டோம்.

கூர்ந்து நோக்கினால் மட்கார்டில் ஒரு சிறு அலை இன்றும் தெரியும். அதனால் நமக்கு வருத்தமில்லை. என்றேனும் வண்டியை விற்க நேர்ந்தால், அவ்வலையைக் காட்டி, அதன் பின்னே மடங்கிச் சீரான உத்திரத்தையும் சொல்லிவிடுவதென இல்லத்தில் முடிவாயிற்று. வாங்குபவர் வீட்டிலும் அவ்விருக்கையில் ஒரு பிள்ளை அமரும் அல்லவா?