நண்பருக்கு ஓர் அடுப்பு

கடையில் வாங்கிய பொருளை நண்பருக்குப் பரிசளிப்பது எளிது. அதிலே குறை காணப்பட்டால் பழி கடைக்காரருக்குப் போய்விடும். நாமே செய்து கொடுக்கும் பொருளோ அத்தகையதன்று. அது அவர் வீட்டில் இருக்கும் காலமெல்லாம் அதற்கு நாமே பொறுப்பாளிகள். நெருப்பை உள்ளே வைத்திருக்கும் பொருளாயின் அப்பொறுப்பு இரட்டிப்பாகிறது. விறகு எரித்து மீனும் இறைச்சியும் வாட்டுவதற்கான இரும்படுப்பு ஒன்றை நண்பர் ஒருவருக்காகச் செய்தபோது நாம் கவனிக்க வேண்டியிருந்தவற்றை இவ்வாரம் எழுதுகிறோம். வெல்டிங் பழகும் மாணவர்களுக்கும், பட்டறையிற் சொல்லிச் செய்விக்க விரும்பும் குடும்பத்தினருக்கும் இது பயன்படலாம்.

‘பார்பிகியூ’ என்று இன்று ஊரெங்கும் வழங்கும் சொல், கரிபியன் தீவுகளின் பழங்குடிகளாகிய தைனோ மக்களிடமிருந்து ஸ்பானியர் வழியாக உலகுக்கு வந்தது. தரைக்கு மேலே கழிகளால் உயர்த்திக் கட்டிய பரணையே அச்சொல் முதலிற் குறித்தது. பின்னர் மரக்கழிகளின் இடத்தை இரும்பு பிடித்துக்கொண்டது. ஆர்ஜென்டீனாவில் வழங்கும் அடுப்பில் ஒரு பக்கத்தே கம்பிக்கூடை ஒன்று இருக்கும். விறகு அதில் எரியும். தணல் கீழே உதிரும். சமைப்பவர் அதனை இழுத்து இறைச்சித்தட்டின் கீழே பரப்புவார். கலிபோர்னியாவின் சாந்தா மரியா பள்ளத்தாக்கிலோ சிவப்பு ஓக் மரத்தை எரித்து, கம்பித்தட்டைச் சக்கரத்தால் உயர்த்தியும் தாழ்த்தியும் வாட்டுவர். 1952ஆம் ஆண்டிற் சிக்காகோவுக்கு அருகே உலோகப் பட்டறையொன்றில் வேலைசெய்த ஜோர்ஜ் ஸ்டீபன் என்பவர், கடல் மிதவைக்கான இரும்புக் கோளத்தை இரண்டாகப் பிளந்து தமக்கோர் அடுப்புச் செய்துகொண்டார். உலகெங்கும் விற்கப்படும் வெபர் மூடியடுப்பு அவ்வாறு பிறந்ததுதான்.

இவ்வடுப்புகள் கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. உணவைப் பதமாக வாட்டுவது சுவாலையன்று; தணலே. சுவாலை நேராகத் தீண்டினால் மேற்புறம் கரிந்து, புகைக்கரி படிந்து, உட்புறம் பச்சையாகவே நின்றுவிடும். கருவாட்டையும் கிழங்கையும் தணலிற் சுட்டுத்தந்த எம் பாட்டிமாருக்கு இது தெரியாத செய்தியன்று. ஆகவே விறகடுப்பு ஒன்றைத் திட்டமிடும்போது அதனை ஒரே பெட்டியாக எண்ணாமல், விறகு தணலாகும் அறை, தணல் வேலைசெய்யும் அறை என இரண்டாக எண்ணவேண்டும். முதலாவதில் விறகு எரிந்துகொண்டே இருந்தால், இரண்டாவதற்குத் தணல் குறையாது. நாமும் வலப்புறம் 30 சென்ரிமீற்றர் அகலத்தில் எரியறையும், இடப்புறம் 60 சென்ரிமீற்றர் அகலத்தில் வாட்டும் அறையும், இரண்டுக்கும் நடுவே தணலை இழுப்பதற்கு ஒரு திறப்பும் வைத்து வரைந்தோம்.

அடுத்தது உயரம். எமது நண்பர் நெடிய மனிதர். நெடுநாளாக முதுகுவலி உள்ளவர். கடைகளிற் கிடைக்கும் அடுப்புகள் அவருக்குத் தாழ்வானவை. குனிந்து நின்று ஒரு மணி நேரம் சமைத்தால் மறுநாள் படுக்கையிற் கிடப்பார். எனவே அவரை நிமிர்ந்து நிற்கச்செய்து தரையிலிருந்து முழங்கை வரை அளந்தோம். 110 சென்ரிமீற்றர் இருந்தது. அதிற் 10 சென்ரிமீற்றர் குறைத்து, 100 சென்ரிமீற்றர் உயரத்தில் கம்பித்தட்டை அமைத்தோம். அளந்து செய்வதன் பயன் இதுவே. கடை அடுப்பு எல்லோருக்கும் பொதுவானது. இதுவோ ஒருவரின் முதுகுக்கென்றே செய்யப்படுவது.

செலவு குறையட்டும் என்று நண்பர் சில பொருள்களைத் தாமே கொண்டுவந்தார். பழைய இரும்புப் பீப்பாய் ஒன்று. வெள்ளிபோல் மின்னும் தண்ணீர்க் குழாய்கள் நான்கு. பழைய குளிர்சாதனப் பெட்டியின் கம்பித்தட்டு ஒன்று. மூன்றையும் நாம் மறுத்தோம். “சும்மா கிடக்கிற இரும்பை விட்டுவிட்டுக் காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்?” என்று அவர் கேட்டார். அவர் முகம் சற்று வாடியது. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னோம்.

பீப்பாயில் முன்னர் வர்ணம் கரைக்கும் திரவம் இருந்தது. வெறுமையாகத் தோன்றும் பீப்பாயே நிறைந்த பீப்பாயிலும் அபாயமானது. அடியில் எஞ்சிய சிறு துளி ஆவியாகிக் காற்றோடு கலந்து நிற்கும். வெட்டும் பொறி பட்டவுடன் அது வெடிக்கும். உலகெங்கும் பட்டறைத் தொழிலாளர் பலர் இவ்வாறு உயிரிழந்துள்ளனர். வாய் திறந்து சில நாள் வெயிலிற் கிடந்தது என்பது போதிய பாதுகாப்பாகாது. அன்றியும் பீப்பாயின் தகடு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்பே உடையது. விறகுத் தீக்கு அது நெடுநாள் தாங்காது.

குழாய்கள் நாகம் பூசியவை. நாகம் ஏறத்தாழ 907 பாகை சென்ரிகிறேட்டிற் கொதித்து ஆவியாகும். இரும்பை உருக்கி ஒட்டும் வெப்பமோ அதனினும் மிக அதிகம். ஆகவே ஒட்டும்போது எழும் வெண்புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடல்நோவும் தோன்றும். பெரும்பாலும் ஓரிரு நாளில் அவை தணியுமாயினும், அப்புகை விளையாட்டுக்குரியதன்று. தேசிப்புளியும் பழப்புளியும் தடவிய இறைச்சி நாகத்தின் மேற் கிடந்தால், புளிப்பு அவ்வுலோகத்தைக் கரைத்து உணவிற் சேர்க்கும்; வாந்தியும் வயிற்றுநோவும் வரும். காந்தம் இக்குழாயையும் வெறும் இரும்புக் குழாயையும் ஒன்றுபோலவே இழுக்குமாதலால், காந்தத்தால் இதனைக் கண்டறிய முடியாது. மேற்பரப்பில் வெள்ளிநிறப் பூக்கோலம் போன்ற அடையாளம் தெரிகின்றதா என்று பார்க்கவேண்டும்.

பழைய குளிர்சாதனப் பெட்டிகள் சிலவற்றின் தட்டுகளுக்குக் கட்மியம் என்னும் உலோகம் பூசப்பட்டிருந்தது. சூடேறினால் அது கொடிய நஞ்சு. எமது நண்பரின் தட்டு எவ்வகையது என்று ஆராய்வதிலும், அதனை ஒதுக்கிவிடுவதே அறிவுடைமை.

இவற்றைக் கேட்ட நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “அந்த அடுப்பிற் பேரப்பிள்ளைகளும் அல்லவா சாப்பிடப் போகிறார்கள்” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, புதிய இரும்பு வாங்க எம்மோடு புறப்பட்டார்.

எரியறைக்கும் தணல் பரப்பும் தளத்துக்கும் 3 மில்லிமீற்றர் உருக்குத் தகடு வாங்கினோம்; கால்களுக்கு ‘அங்கிள்’ இரும்பு. தகட்டின் ஓரத்தை ஒரே மூச்சில் ஒட்டிக்கொண்டு போனால் அது வளைந்து முறுகிவிடும். ஆதலால் இங்கே சிறிது, எதிர்ப்புறத்தே சிறிது என மாற்றி மாற்றி ஒட்டினோம். எரியறையின் அடியில் விறகு நேராகத் தகட்டிற் கிடவாதபடி, நான்கு விரல் உயரத்தில் தடித்த கம்பிகளை வைத்தோம். கீழேயிருந்து காற்றுப் புகாவிட்டால் விறகு எரியாது, புகைந்துகொண்டே கிடக்கும்.

கம்பித்தட்டைச் சட்டத்தோடு ஒட்டிவிடாமல் தளர்வாகவே வைத்தோம். உருக்கு ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் தன் நீளத்தில் ஏறத்தாழ 10 இலட்சத்தில் 12 பங்கு நீளும். ஒரு மீற்றர் நீளக் கம்பி 500 பாகை சூடேறினால் 6 மில்லிமீற்றர் வளர்ந்துவிடும். இரு முனையும் கட்டுண்டால் அது எங்கே போகும்? வில்லாக வளையும், அல்லது ஒட்டு வெடிக்கும். மாணவர்கள் பாடநூலிற் படிக்கும் விரிவை இங்கே கண்ணாற் காணலாம்.

தட்டை உயர்த்தவும் தாழ்த்தவும் சக்கரமும் சங்கிலியும் வைப்பது பார்வைக்கு அழகு. ஆயினும் பூட்டுப் பல் நழுவினால், சுடச்சுட இருக்கும் தட்டு உணவோடு கீழே விழும். சுற்றிலும் சிறுவர் நிற்பர். எனவே இரு பக்கத் தூண்களிலும் நான்கு நான்கு தாங்கிகளை ஒட்டினோம். தட்டைத் தூக்கி வேண்டிய படியில் வைத்தால் ஆயிற்று. கைபிடிகளுக்குக் கட்டை போட்டோம்.

ஒட்டும் வேளையிற் கறுப்புக் கண்ணாடி முகமூடியின்றி அவ்வொளியை ஒருகணமும் பார்க்கலாகாது. வேடிக்கை பார்ப்போருக்கும் இது பொருந்தும். பார்த்த கண் அன்றிரவே மணல் விழுந்ததுபோல் உறுத்தும்.

விறகைப் பற்றியும் சொல்லவேண்டும். வெட்டிய உடன் இருக்கும் பச்சை மரத்தின் எடையிற் பாதியளவு நீராகவே இருக்கக்கூடும். அந்நீரை ஆவியாக்குவதிலேயே தீயின் வலிமை கழியும். பிளந்து, மழைபடாத இடத்தில் மாதக்கணக்கில் அடுக்கி உலர்த்திய விறகே உகந்தது. சிரட்டைத் தணலும் நல்லது. அலரி மரத்தை எரிக்கலாகாது. அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு. களப்போரத்துத் தில்லை மரத்தின் பாலும் புகையும் கண்ணுக்குக் கேடு. வர்ணம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, தாரெண்ணெய் ஊட்டிய சிலிப்பர் கட்டை, பூச்சி அரிக்காமல் மருந்தேற்றிய மரம் ஆகியவற்றை உணவின் கீழே எரிப்பது அறவே கூடாது. மருந்தேற்றிய மரங்கள் சிலவற்றில் ஆசனிக்கு என்னும் நஞ்சு உண்டு. எரித்தபின் அது சாம்பலிலும் தங்கும்.

அடுப்பின் உட்புறத்துக்கு வர்ணம் பூசவில்லை. முதல் நாள் உணவு எதுவும் வைக்காமல் இரண்டு மணி நேரம் வெறுமனே எரித்து, இரும்பில் ஒட்டியிருந்த எண்ணெயையும் அழுக்கையும் போக்கினோம். பின்னர்த் தட்டைத் தேய்த்து, சமையலெண்ணெயை மெல்லியதாகத் தடவிச் சூடேற்றினோம். எண்ணெய் கறுத்து இறுகி, இரும்பைத் துருவிலிருந்து காக்கும். சாம்பலை அடுப்பிலே விட்டுவைத்தால் மழையீரம் அதிலே தங்கித் தகட்டை அரிக்கும், ஆறியதும் அகற்றவேண்டும்.

அடுப்பை ஒப்படைத்தபோது நண்பரிடம் ஓர் உறுதிமொழி பெற்றோம். மழை வந்தாலும் இதனை வீட்டுக்குள்ளோ மூடிய கொட்டிலுக்குள்ளோ கொண்டுபோகலாகாது. குளிருக்காகத் தணலை அறைக்குள் வைக்கவும் கூடாது. தணலிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவரை அது எழுப்புவதுமில்லை. இவ்வெச்சரிக்கையை ஒரு தாளில் எழுதி, அவருடைய மனைவியாரின் கையிலும் கொடுத்தோம். நண்பர்களுக்கு இத்தகைய பொருளைச் செய்து கொடுக்கும் வாசகர்களும் அவ்வாறே செய்வார்களாக. பொருளோடு அதன் அபாயத்தையும் சொல்லிக் கொடுத்தாற்றான் கொடுத்தவருடைய வேலை முடிந்ததாகும்.