பெரிசு எது, கிட்ட எது?



குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்து நிற்கும்போது உங்கள் நான்கு வயதுப் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "மகன், நயினாதீவு பெரிசா, நெடுந்தீவு பெரிசா?" பிள்ளை யோசிக்காமல் நயினாதீவைத்தான் காட்டும். வேறெதைக் காட்டும்? அது மரமும் கட்டடமும் தெரிய, கண்ணுக்கு எதிரே, கால்மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. நெடுந்தீவோ ஒரு மணி நேரத்துக்கு அப்பால் கடலோடு கடலாகத் தாழ்ந்து கிடக்கிறது. ஆனால் நெடுந்தீவின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். நயினாதீவு 5 சதுர கிலோமீற்றருக்கும் குறைவு. பத்து நயினாதீவை உள்ளே வைத்தாலும் நெடுந்தீவு இடங்கொடுக்கும். அதன் பெயரிலேயே 'நெடு' என்ற அளவுச் சொல் இருக்கிறது!

பிள்ளை பொய் சொல்லவில்லை. கிட்ட இருப்பது பெரிதாகத் தெரிகிறது, தெரிவதைச் சொல்கிறது. அதைத் திருத்த அவசரப்படாதீர்கள். துறையை விட்டு விலகும் படகு ஒன்றைக் காட்டி, "படகு சின்னதாகிப் போச்சா, தூரமாகிப் போச்சா?" என்று கேளுங்கள். திரும்பி வரும் படகையும் காட்டுங்கள். நாலு முறை பார்த்தால் பிள்ளை தானாகச் சிரிக்கும்.

இந்த மாதம் இடச் சொற்களையும் அளவுச் சொற்களையும் பற்றிப் பேசுவோம். மேலே, கீழே, உள்ளே, வெளியே, முன்னால், பின்னால், இடையில். பெரிசு, சிறிசு, நெட்டை, குட்டை, கூட, குறைய. "இதையெல்லாம் படிப்பிக்க வேண்டுமா, பேசப் பேச வந்துவிடுமே" என்று சில தாய்மார் நினைக்கலாம். வரும். ஆனால் எல்லாம் ஒன்றாக வராது. உள்ளே, மேலே, கீழே என்பவற்றைப் பிள்ளை இரண்டு மூன்று வயதில் பிடித்துக்கொள்ளும். முன், பின் அதற்குப் பிறகு. 'இடையில்' என்பது இரண்டு பொருளை ஒரே நேரத்தில் மனதில் வைத்தால்தான் விளங்கும். ஆகவே அது பிந்தித்தான் வரும்.

தீவுகளில் வாழும் தாய்க்கு இது விளையாட்டுச் செய்தி அல்ல. "படகுக்கும் துறைக்கும் இடையில் கையை வைக்காதே" என்று நாம் கத்துகிறோம். பிள்ளைக்கு அந்த ஒரு சொல் விளங்கியிருக்காவிட்டால் நம் கத்தலால் என்ன பயன்? அலை தூக்கி இடிக்கும்போது அந்த இடுக்கில் ஒரு பிஞ்சு விரல் என்னவாகும்! அதுபோலவே கிணறு. "கட்டுக்கு இந்தப் பக்கம் நில்" என்பது எந்தப் பக்கம் என்று அறியாத பிள்ளை எந்தப் பக்கமும் நிற்கும். துறைக்கும் கிணற்றடிக்கும் போகுமுன் வீட்டிலேயே அந்தச் சொல்லை விளங்க வைத்துவிட வேண்டும்.

முதலில் பிள்ளையின் உடம்பால் கற்றுக் கொடுங்கள். இரண்டு தலையணையைப் போட்டு "இடையில் படு" என்று சொல்லுங்கள். பாய்க்கு உள்ளே சுருண்டு ஒளியட்டும். கதவுக்குப் பின்னால் நிற்கட்டும். நெடுந்தீவுப் பக்கம் போகிறவர்கள் அங்குள்ள பெருக்க மரத்தைக் காட்டத் தவறாதீர்கள். அடிமரப் பொந்துக்குள் ஆளே நுழையலாம். 'உள்ளே' என்ற சொல்லை அந்த மரத்தைவிட நன்றாக யார் படிப்பிப்பார்? உடம்புக்கு வந்த பிறகு கைக்கு வரட்டும்: சிரட்டையைக் கவிழ்த்து, புளியங்கொட்டையை அதன் மேலே, கீழே, பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு பிள்ளை உங்களுக்குக் கட்டளையிடட்டும். நீங்கள் வேண்டுமென்றே பிழையாக வைத்துப் பாருங்கள். "உம்மா, மேலே இல்லை, கீழே!" என்று அது துள்ளும் துள்ளலில் தெரிந்துவிடும், சொல் உள்ளே இறங்கியிருக்கிறதா இல்லையா என்பது.

'முன்', 'பின்' இரண்டிலும் கொஞ்சம் கவனம். நம் தமிழில் அவை இடத்துக்கும் காலத்துக்கும் பொது. "சோற்றுக்கு முன்னே கை கழுவ வேண்டும்" என்று சொன்னால், சோற்றுப் பானையின் முன்னே போய் நிற்கும் பிள்ளையும் உண்டு. பிள்ளையை ஏசாதீர்கள். அது சொன்ன பேச்சைத்தான் கேட்டிருக்கிறது.

கலியாண வீட்டிலோ கந்தூரியிலோ சஹனைச் சுற்றி உட்காரும்போது நம் பிள்ளைகளின் கை எங்கே போகிறது என்று பார்த்திருப்பீர்கள். எதிர்ப்பக்கத்து இறைச்சித் துண்டுக்குத்தான்! உமர் பின் அபீஸலமா (ரலி) அவர்கள் சிறுவராக நபி (ஸல்) அவர்களின் வளர்ப்பில் இருந்தபோது அவர்களுடைய கையும் உணவுத் தட்டில் இப்படித்தான் அங்குமிங்கும் அலைந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லும்படியும், வலக்கையால் உண்ணும்படியும், தமக்குக் கிட்ட உள்ளதை எடுக்கும்படியும் நபியவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. சற்று நின்று பாருங்கள் சகோதரிகளே. மூன்று விடயங்களில் இரண்டு இடச் சொற்கள்: வலம், கிட்ட. பாடமும் அதே தட்டில், உண்ணும் அதே நேரத்தில். சிறியவர் பெரியவருக்கும், நடப்பவர் இருப்பவருக்கும், சிறு கூட்டம் பெருங்கூட்டத்துக்கும் ஸலாத்தை முந்திச் சொல்ல வேண்டும் என்ற ஒழுக்கமும் பிள்ளையை ஒப்பிட்டுப் பார்க்க வைக்கிறது. "நாங்கள் எத்தனை பேர், அவர்கள் எத்தனை பேர், யார் முந்திச் சொல்ல வேண்டும்?" என்று வழியில் கேட்டுப் பாருங்கள்.

அளவில் பிள்ளைகள் தடுமாறுவதற்கு நம் வீட்டுப் பேச்சும் ஒரு காரணம். 'பெரிய' என்பதை வயதுக்கும் சொல்கிறோம், உடம்புக்கும் சொல்கிறோம். பெரியம்மா சாச்சியைவிடக் குட்டையாக இருந்தால் பிள்ளை என்ன செய்யும்? "வயதில் பெரியவர்", "உயரத்தில் பெரியவர்" என்று முழுதாகச் சொல்லிப் பழகுங்கள். தமிழில் ஒப்பிடும் வேலையை 'விட' என்ற சின்னச் சொல்தான் செய்கிறது. வெறுமனே "இது பெரிசு" என்று நிறுத்தாமல் "எதைவிட?" என்று கேளுங்கள். மீன் வாங்கி வந்த நாளில் இதைச் செய்யலாம். "பெரிய நெத்தலி பெரிசா, சின்னச் சுறா பெரிசா?" பிள்ளை முதலில் 'பெரிய' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நெத்தலி என்னும். பிறகு மீனைப் பார்க்கும்.

இன்னொன்று. ஒரே அளவான இரண்டு பேணியில் சமமாகத் தண்ணீர் வாருங்கள். பிள்ளையே "சமன்" என்று சொல்லட்டும். அதன் கண்முன்னே ஒன்றை ஒடுங்கிய உயரமான போத்தலுக்குள் ஊற்றிவிட்டு "எதில் கூட?" என்று கேளுங்கள். போத்தலில் என்றுதான் சொல்லும். சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே என்ற அறிஞர் இந்தச் சோதனையைச் செய்து காட்டினார். ஆறேழு வயதுக்கு முன் பெரும்பாலான பிள்ளைகள் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறும். ஆகவே "மொக்கு" என்று தலையில் குட்டாதீர்கள்! திரும்பப் பேணியில் ஊற்றிப் பார்க்க விடுங்கள். அரிசி போடும் நேரத்தில் ஒரு கொத்துக்கு எத்தனை சுண்டு என்று அதன் கையாலேயே அளந்து எண்ணட்டும். கொத்தும் சுண்டும் இல்லாத வீட்டில் பால்மா ரின் போதும்.

ரொட்டியைப் பங்கு வைக்கும்போது பாதி, கால் என்ற சொற்களையும் காதில் போட்டு வையுங்கள். கால் என்றால் பாதியைவிடக் கூட என்று நினைக்கிற பிள்ளை உண்டு. நயினாதீவில் 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு மன்னர் வெட்டுவித்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு வணிகர் முதலில் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், இறங்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் கால்பங்கு அரசனுக்கு, முக்கால்பங்கு உடையவருக்கு. மற்றச் சரக்கானால் சரிபாதி. காலும் பாதியும் இந்தக் கடலில் எவ்வளவு பெரிய கணக்காக இருந்திருக்கின்றன, பாருங்கள்.

இனி இடம், வலம். இதில்தான் தாய்மார் மிகவும் களைத்துப் போகிறார்கள். பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு வலக்கையைக் காட்டினால் அது கண்ணாடி போல இடக்கையைத் தூக்கும். எதிரே இராதீர்கள், பக்கத்தில் இருங்கள். தொழுகைப் பாயில் உங்களோடு நிற்கிற பிள்ளை, முடிவில் ஸலாம் கொடுக்கும்போது முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம் திரும்புகிறது. நாளுக்கு ஐந்து வேளை கிடைக்கும் இந்தப் பயிற்சியை வேறு எந்தப் பாடப் புத்தகம் தரும்?

நம் உம்மம்மாமார் இடம், வலம் என்று அதிகம் பேசியதில்லை. "அடுப்புக்கு மேற்கால் உப்புப் பேணி இருக்கு, எடு" என்பார்கள். எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் 1990களில் தமிழ்நாட்டில் ஆராய்ந்தபோது இதையே கண்டார்: நாட்டுப்புறத்தார் கைக்கெட்டும் பொருளுக்கும் வடக்கு, தெற்கு சொல்கிறார்கள், நகரத்தார் இடம், வலம் சொல்கிறார்கள். கீழ் என்பதிலிருந்து கிழக்கு, மேல் என்பதிலிருந்து மேற்கு. நாம் திரும்பினால் இடமும் வலமும் மாறிவிடும், மேற்கு மாறாது. பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். நம் வீட்டில் கிப்லா இருக்கிறபடியால் மேற்கைத் தேடி அலையவும் வேண்டாம். இலங்கையிலிருந்து கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்த திசை. பாய் விரிக்கும் பக்கத்தைக் கேட்டால் மூன்று வயதுப் பிள்ளையும் காட்டும்.

புத்தளத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்தை இங்கே சொல்ல வேண்டும். 1990இல் வட மாகாண முஸ்லிம்கள் ஊரிழந்தபோது நயினாதீவை விட்டு வந்த குடும்பம். இவர் பிறந்தது அகதி முகாமின் ஓலைக் கொட்டிலில். வீட்டின் படம் ஒன்றுகூட உம்மாவிடம் இல்லை. இரவில் பிள்ளைகளைச் சுற்றி இருத்திப் போத்தல் மூடிகளை மண்ணில் வைத்து விளையாட்டுக் காட்டுவாராம். இது வீடு, வாசல் கிழக்குப் பார்த்தது. வீட்டுக்கு வடக்கால் கிணறு. கிணற்றுக்கும் வேலிக்கும் இடையில் முருங்கை. அடுப்படிக்குப் பின்னால் இரண்டு பனை, ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. மூடியைப் பிழையாக வைத்த பிள்ளை திரும்ப வைக்க வேண்டும்.

உம்மா வபாத்தான பின், சில ஆண்டுகளுக்கு முன், இவர் தம் ஏழு வயது மகளோடு தீவுக்குப் போயிருக்கிறார். மகளுக்கும் அதே மூடி விளையாட்டுத் தெரியும். கூரை இல்லை, வேலி இல்லை, பற்றை மூடிக் கிடந்தது. இரண்டு பனை நிற்பதைப் பார்த்து அதற்கு முன்னால் வீட்டையும், வீட்டுக்கு வடக்கால் கிணற்றையும் மகள்தான் முதலில் கண்டுபிடித்தாளாம். நெட்டைப் பனைக்கு இப்போது தலை இல்லை, மொட்டையாக நிற்கிறது. "உம்மா, உம்மம்மா பிழையாகச் சொல்லிட்டா. குட்டைப் பனைதான் இதைவிட உயரம்" என்றாளாம்.