கிளட்ச் மிதிக்காத சூரர்கள்

டூரிஸ்ட் வேனில் டிரைவருக்குப் பக்கத்து சீட் கிடைத்தவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். வண்டி நாற்பதைத் தாண்டும். டிரைவர் அண்ணன் இடது காலை மடக்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்வார். ஆக்சிலேட்டரிலிருந்து வலது காலை லேசாகத் தூக்குவார். இரண்டு விரலால் கியர் ராடை நியூட்ரலுக்குத் தள்ளுவார். ஒரு நொடி காத்திருப்பார். 'டொக்'... நான்காவது கியர் விழுந்துவிடும். கிளட்ச் பக்கம் கால் போகவே இல்லை!

பக்கத்து சீட்டுப் பையன் வாயைப் பிளப்பான். "எப்படிண்ணே?" என்பான். "எல்லாம் அனுபவம் தம்பி" என்று பதில் வரும்.

அடுத்த வாரம் அந்தப் பையன் அப்பாவின் காரில் அதையே செய்து பார்ப்பான். 'கர்ர்ர்ர்' என்று வயிற்றைக் கலக்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அப்பா வீட்டுக்குள் இருந்தால் அவருக்குக் கேட்காது. சில மாதம் கழித்து மெக்கானிக் சொல்லும்போதுதான் கேட்கும்.

கிளட்ச் இல்லாமல் கியர் மாற்றுவது திறமையா என்றால், திறமைதான். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அது ஆபத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டிய திறமை. நீச்சல் தெரியும் என்பதற்காக யாரும் தினமும் கிணற்றில் தவறி விழுவதில்லை. இந்தச் சின்ன வித்தியாசம் புரியாமல்தான் பலர் இதைப் பெருமையாகச் செய்துகொண்டு திரிகிறார்கள். கேட்டால் மூன்று காரணம் சொல்வார்கள். கிளட்ச் பிளேட் மிச்சமாகும், லாரிக்காரர்கள் இப்படித்தான் ஓட்டுகிறார்கள், பழகிவிட்டால் கியர் பாக்ஸுக்கு ஒன்றும் ஆகாது. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

அதற்கு முன்னால் கொஞ்சம் மெக்கானிசம். பயப்பட வேண்டாம், சின்னக் கணக்குதான்.

ஒரு காரின் மூன்றாவது கியர் விகிதம் 1.4, நான்காவது 1.0 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறது. அதே வேகத்தில் நான்காவதுக்கு மாறினால் எஞ்சின் 2,000 சுற்றில் இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் இந்த 800 சுற்றை யாராவது குறைத்தாக வேண்டும். அதுவரை பற்களும் பற்களும் பொருந்தாது. பொருந்தவைத்தால் 'கர்ர்ர்'தான்.

இந்த 800 சுற்றைக் குறைக்கிற வேலைக்காகவே இன்றைய காரில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதன் பெயர் சிங்க்ரோமெஷ். 1928இல் அமெரிக்காவின் கேடிலாக் கார்களில் முதன்முதலாக வந்தது. கூம்பு மாதிரி உட்பக்கம் சரிந்த ஒரு சின்ன வளையம், பெரும்பாலும் பித்தளையில் செய்தது. கியர் ராடைத் தள்ளியதும் இந்த வளையம் முதலில் போய் கியரோடு உரசி, இரண்டு பக்கத்தின் வேகத்தையும் சமமாக்கும். சமமான பிறகே பற்களை உள்ளே விடும். ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. கிளட்ச்சை மிதித்திருக்கும்போது கியர் பாக்ஸுக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு அறுந்திருக்கிறது. அப்போது அந்தப் பித்தளை வளையம் வேகம் மாற்ற வேண்டியது ஒரு கிளட்ச் பிளேட், ஒரு தண்டு, அதோடு சேர்ந்து சுற்றும் சில பல்சக்கரங்கள், அவ்வளவுதான். லேசான சுமை.

கிளட்ச்சை மிதிக்காவிட்டால்? தொடர்பு அறுபடவில்லை. ஃப்ளைவீல், கிராங்க் ஷாஃப்ட், பிஸ்டன்கள் எல்லாம் அந்த வளையத்தின் தலையில். மொத்த எஞ்சினின் வேகத்தையும் ஒரு சின்னப் பித்தளை வளையம் உரசி மாற்ற வேண்டும். சைக்கிள் பிரேக் கட்டையை வைத்து பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற மாதிரி!

எஞ்சின் சுற்றை ஆக்சிலேட்டரிலேயே சரியாகப் பொருத்திவிட்டால் வளையத்துக்கு வேலையே இல்லை, தேயாது என்று சூரர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் சரியாகப் பொருந்துமா? முன்னால் ஆட்டோ திடீரென்று வளையும். ஏ.சி. கம்ப்ரசர் ஓடத் தொடங்கும். பல புதுக் கார்களில் எலெக்ட்ரானிக் த்ராட்டில் இருப்பதால் காலை எடுத்த பிறகும் சுற்று உடனே இறங்காமல் கொஞ்சம் தொங்கும். நூறு முறையில் தொண்ணூறு முறை சரியாக விழலாம். மீதிப் பத்து முறைக்கும் விலை கொடுப்பது வளையம்தான்.

லாரிக்காரர் செய்கிறாரே?

லாரி வாதம் கேட்க நன்றாக இருக்கும். அமெரிக்காவில் நெடுந்தூர டிரெய்லர் ஓட்டுகிற பலர் வண்டியை எடுக்கவும் நிறுத்தவும் மட்டுமே கிளட்ச்சை மிதிப்பார்கள். நடுவில் வரும் கியர்களை எல்லாம் மிதக்கவிட்டே மாற்றுவார்கள். இது நிஜம்.

ஆனால் அந்த லாரிகளின் பெட்டியில் சிங்க்ரோமெஷ்ஷே கிடையாது. கட்டையான, தடித்த பற்கள் நேராகப் போய்ப் பொருந்தும் வகை அது. பத்து, பதின்மூன்று, பதினெட்டு கியர் என்று இருக்கும். அதனால் ஒரு கியருக்கும் அடுத்ததுக்கும் நடுவே உள்ள இடைவெளி சின்னது. டீசல் எஞ்சினும் மெதுவாகச் சுற்றுகிற ரகம். தேய்வதற்கு வளையம் இல்லாத பெட்டியில் வளையத்தைத் தேய்க்காமல் ஓட்டுவது என்ன சாதனை? தவறாகப் போட்டால் அங்கேயும் பல் தெறிக்கத்தான் செய்யும்.

அந்தக் காலத்து அம்பாசடரில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. அதனால் டிரைவர்கள் 'டபுள் கிளட்ச்' போட்டார்கள். ஒரு தடவை மிதித்து நியூட்ரல், விட்டு ஆக்சிலேட்டர், மறுபடி மிதித்து கியர். கவனியுங்கள், வசதி குறைவான பெட்டிக்கு அந்தப் பெரியவர்கள் கிளட்ச்சை இரண்டு முறை மிதித்தார்கள். வசதியான பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இவர்கள் ஒரு முறைகூட மிதிக்க மாட்டேன் என்கிறார்கள்.

பைக்கில் போடுகிறோமே என்றும் கேட்பார்கள். பைக் பெட்டியும் சிங்க்ரோமெஷ் இல்லாதது, சுற்றுகிற எடையும் குறைவு. அதைக் காருக்குப் பொருத்துவது ஆட்டுக்குப் போட்ட கணக்கை யானைக்குப் போடுவது. 2009இல் ஓசூர் டி.வி.எஸ். 'ஜைவ்' என்று கிளட்ச் லீவர் இல்லாத பைக் ஒன்றைக் கொண்டுவந்தது. அதில்கூட லீவர்தான் இல்லை. கிளட்ச் உள்ளே இருந்தது, தானாகவே வேலை செய்தது.

காரிலும் அதே கதைதான். 2014இல் மாருதி செலேரியோவில் வந்த ஏ.எம்.டி. என்ன? சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான். கிளட்ச்சை மிதிக்கவும் கியரைத் தள்ளவும் ஒரு இயந்திரக் கை. 2020இல் ஹூண்டாய் வென்யூவில் ஐ.எம்.டி. வந்தது. கிளட்ச் பெடல் கிடையாது, கியர் மட்டும் கையால் போட வேண்டும். ராடில் கை வைத்ததும் சென்சார் கண்டுபிடித்து, ஹைட்ராலிக் முறையில் கிளட்ச்சைப் பிரித்துவிடும். எஞ்சின் சுற்றைக் கம்ப்யூட்டர் துல்லியமாக அளந்துகொண்டிருக்கிறது. சக்கர வேகமும் அதற்குத் தெரியும். கிளட்ச் இல்லாமல் மாற்ற உலகத்திலேயே அதிகத் தகுதி அதற்குத்தான். அதுவே கிளட்ச்சைப் பிரித்துத்தான் கியர் மாற்றுகிறது. காதால் கேட்டு ஆர்.பி.எம். கணிக்கிற அண்ணனுக்கு அதைவிட என்ன பெரிய தைரியம்?

கணக்கு உதைக்கிறது

கிளட்ச் பிளேட் மிச்சமாகும் என்பதுதான் இவர்களின் பெரிய வாதம். வரவு செலவு எழுதிப் பார்த்தால் இது முதலில் விழும்.

கிளட்ச் எப்போது தேய்கிறது? நின்ற வண்டியை எடுக்கும்போது. சிக்னலில் பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்ச்சில் தாங்கிக்கொண்டு நிற்கும்போது. மேட்டில் வண்டியைப் பின்னால் போகாமல் பிடித்துவைக்கும்போது. ஓடுகிற வண்டியில் மூன்றிலிருந்து நான்குக்கு மாற்றுகிற அந்த அரை நொடியில் தேய்வது இவற்றோடு ஒப்பிட்டால் ரொம்பச் சொற்பம். நம் சூரரும் நின்ற வண்டியை எடுக்க கிளட்ச்சை மிதித்துத்தான் ஆக வேண்டும். ஆகவே பெரிய செலவு அப்படியே இருக்கிறது. மிச்சம் பிடிப்பது சில்லறையை.

எதிர்ப்பக்கத்தில் என்ன வைக்கிறார்? கிளட்ச் பிளேட் தேய்வதற்கென்றே செய்த பொருள். போனால் கியர் பாக்ஸை இறக்கி, பிளேட்டை மாற்றி, மறுபடி ஏற்றினால் வேலை முடிந்தது. சிங்க்ரோ வளையம் போனால் இறக்குவதோடு முடியாது. பெட்டியையே பிரிக்க வேண்டும். பிரித்த பிறகு வளையம் மட்டுமா போயிருக்கும், கியரின் பக்கப் பற்களும் மழுங்கியிருக்கும். செருப்பு தேயக் கூடாது என்று அதைக் கையில் தூக்கிக்கொண்டு முள்ளில் நடக்கிற சிக்கனம் இது.

இதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. இந்த வித்தையைக் காட்டுகிறவர் பெரும்பாலும் வண்டிக்குச் சொந்தக்காரர் அல்ல. ஆக்டிங் டிரைவர், டிராவல்ஸ் டிரைவர், அல்லது அப்பா காரை எடுத்துவந்த பையன். பாராட்டு ஓட்டுகிறவருக்கு, பில் ஓனருக்கு. ஓனர் அதற்குள் வண்டியை விற்றுவிட்டால் பில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய அப்பாவிக்கு. பெயின்ட்டைப் பார்க்கலாம், டயரைப் பார்க்கலாம். சிங்க்ரோ வளையத்தை எந்தக் கண்ணால் பார்ப்பது? லோன் போட்டு முதல் கார் வாங்கிய குடும்பம், மூன்றாவது கியர் விழ மாட்டேன் என்கிறபோதுதான் விஷயத்தைத் தெரிந்துகொள்ளும்.

மலையில் விளையாடாதீர்கள்

இதுவரை சொன்னது பணம். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையில் 70. இறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக் மட்டுமல்ல. தாழ்ந்த கியரில் எஞ்சின் கொடுக்கிற இழுவைதான் பாதி வேலையைச் செய்கிறது. மலைச்சாலைகளில் இரண்டாவது கியரில் செல்லுங்கள் என்று போர்டு வைத்திருப்பது அழகுக்கு இல்லை.

அங்கே ஒருவர் கிளட்ச் மிதிக்காமல் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கப் பார்க்கிறார். மேலே ஏற்றுவதற்கு எஞ்சின் சுற்று குறைந்தால் போதும், கீழே இறக்க அதைச் சரியான அளவுக்கு உயர்த்த வேண்டும். இது இன்னும் கஷ்டம். கியர் விழவில்லை. இப்போது வண்டி நியூட்ரலில். எஞ்சின் பிடி போய்விட்டது. சரிவில் ஒவ்வொரு நொடியும் வேகம் ஏறுகிறது, ஏற ஏற இரண்டாவது கியருக்குத் தேவையான சுற்றும் ஏறிக்கொண்டே போகிறது. துரத்தத் துரத்தத் தள்ளிப்போகிற கணக்கு. மிச்சம் இருப்பது ஏற்கெனவே சூடாகியிருக்கிற பிரேக் மட்டும். பின்னால் வேன் நிறைய ஆட்கள். அவர்களில் யாரும் இந்த வித்தைக்கு டிக்கெட் வாங்கவில்லை.

அப்படியானால் கற்கவே வேண்டாமா?

வேண்டும். கட்டாயம் வேண்டும். கோபம் இங்கே டிரைவிங் ஸ்கூல்கள் பக்கம் திரும்ப வேண்டும்.

மாருதி 800 மாதிரி கேபிள் கிளட்ச் வண்டி வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், ஒருநாள் நடுரோட்டில் கேபிள் 'பட்' என்று அறுந்து பெடல் தரையோடு ஒட்டிக்கொள்ளும். ஹைட்ராலிக் கிளட்ச்சில் ஆயில் ஒழுகினாலும் அதே கதைதான். அந்த நேரத்தில் என்ன செய்வது என்று எத்தனை லைசென்ஸ்தாரர்களுக்குத் தெரியும்?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். எஞ்சினை நிறுத்தி, முன்னால் இடம் காலியாக இருக்கிறதா என்று பார்த்து, முதல் கியரில் போட்டு சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியைக் குலுங்கக் குலுங்க நகர்த்தி எஞ்சினையும் எழுப்பிவிடும். (கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் கார்களில், வேலை செய்யாவிட்டாலும் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும்.) ரயில்வே கேட்டுக்குள் மாட்டிக்கொண்ட வண்டியைத் தண்டவாளத்திலிருந்து விலக்க இது ஒன்றே போதும். அதன் பிறகு ஓரங்கட்டுகிற வரைக்கும், அல்லது மெதுவாகப் பட்டறைக்குப் போகிற வரைக்கும், காலைத் தூக்கி, நியூட்ரலில் விட்டு, சுற்றுக்குக் காத்திருந்து அடுத்த கியர். நிற்பதற்கு முன்னால் நியூட்ரல். இங்கே வளையம் தேய்ந்தால் தேயட்டும், உயிர் பெரிது.

இதைச் சொல்லித்தர அரை மணி நேரம் போதும். ஆனால் நடப்பது என்ன? ஸ்கூல் காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கிறது. பல இடங்களில் மாணவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பார், கிளட்ச்சை மாஸ்டர் மிதித்துக்கொண்டிருப்பார். கிளட்ச் என்றால் என்ன என்று காலுக்கே தெரியாமல் லைசென்ஸ் கைக்கு வந்துவிடும். கிளட்ச்சோடு ஓட்டவே கற்காதவருக்கு அது அறுந்தால் ஓட்ட எப்படித் தெரியும்? தெரியாததால்தான் டூரிஸ்ட் வேன் அண்ணன் செய்வது மந்திரமாகத் தெரிகிறது. உள்ளே நடப்பது தெரிந்தவன் வாயைப் பிளக்க மாட்டான்.

ஆகவே, அடுத்த தடவை யாராவது உங்கள் காரில் இடது காலை மடக்கிக்கொண்டு கியர் போட்டால் கைதட்டாதீர்கள். "அண்ணே, கேபிள் நல்லாத்தான் இருக்கு, மிதிச்சே போடுங்க" என்று சொல்லுங்கள். கோபம் வந்தால் வரட்டும். கியர் பாக்ஸ் உங்களுடையது.