உளவியல் படித்த பிள்ளைக்கு அடுத்த படி எது?

பிரித்தானியாவில் வாழும் எம்மவர் வீடுகளில், ஏ-லெவல் பெறுபேறுகள் வெளியாகும் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு காட்சி ஆண்டுதோறும் அரங்கேறுகின்றது. மருத்துவபீடத்தில் இடம் கிடைக்காத பிள்ளை உளவியலைத் தெரிவு செய்கின்றது. அல்லது உண்மையான விருப்பத்துடனேயே உளவியலை நாடிய பிள்ளை, அவ்விருப்பத்திற்காக வீட்டில் வாதாட நேர்கின்றது. மூன்று ஆண்டுகள் கழிகின்றன. பட்டமளிப்பு விழாப் படம் வரவேற்பறைச் சுவரில் ஏறுகின்றது. அடுத்து வரும் கலியாண வீட்டில் உறவினர் ஒருவர் கேட்கின்றார்: "என்ன பிள்ளை, படிப்பு முடிஞ்சுதாம். இனி விசர் டொக்டரோ?" பெற்றோர் சிரித்துச் சமாளிக்கின்றனர். பிள்ளையிடமும் விடை இல்லை.

இந்த நிலைக்குப் பிள்ளை மாத்திரம் பொறுப்பல்ல. மருத்துவம், பொறியியல், கணக்கியல் ஆகிய துறைகளின் படிக்கட்டுகள் எமது சமூகத்திற்கு மனப்பாடம். உளவியலின் படிக்கட்டு எம்மவரில் பலருக்குத் தெரியாது. தெரியாத காரணத்தால், பட்டம் பெற்ற மறுநாளே தொழிலை எதிர்பார்த்து, ஓராண்டு கழிந்ததும் பொறுமை இழந்து, பிள்ளையை வேறு திசைக்குத் தள்ளிவிடும் குடும்பங்கள் பல.

முதலில் ஒரு தெளிவு தேவை. உளமருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்று, பின்னர் உளநோய்த் துறையில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். உளவியல் பட்டதாரி அந்நிலையை அடைய வேண்டுமாயின் மருத்துவத்தைத் தொடக்கத்தில் இருந்தே படித்தாக வேண்டும். உளவியலாளரின் பாதை வேறு. பிரித்தானியாவில் மருத்துவ உளவியலாளர், கல்வி உளவியலாளர், தடயவியல் உளவியலாளர் போன்ற சிறப்புப் பதவிப் பெயர்கள் 2009 சூலையில் இருந்து சட்டப் பாதுகாப்புப் பெற்றவை. உரிய ஒழுங்குமுறைச் சபையில் பதிவு பெறாதவர் அவற்றைப் பயன்படுத்துதல் குற்றமாகும். ஆனால் 'உளவியலாளர்' என்ற தனிச் சொல்லுக்கோ, 'உளவளத்துணையாளர்' என்ற பெயருக்கோ அத்தகைய பாதுகாப்பு இல்லை. எனவே, சில வாரப் பயிற்சியில் தொழில்சார் தகுதி தருவதாக விளம்பரம் செய்வோரிடம் பணத்தைக் கொடுக்கும் முன்னர், அத்தகுதியை யார் அங்கீகரிக்கின்றனர் என்று கேட்பது பெற்றோரின் கடமை.

படிக்கட்டின் முதற்படி, பட்டப்படிப்பு பிரித்தானிய உளவியற் கழகத்தின் அங்கீகாரம் பெற்றதா என்பதனை உறுதி செய்வதாகும். அங்கீகாரம் பெற்ற பட்டத்தில் குறைந்தது இரண்டாம் வகுப்புக் கீழ்நிலைச் சித்தி பெற்றவருக்கே மேற்பயிற்சிக்கான அடிப்படைத் தகுதி கிட்டும். மேற்பயிற்சி நெறிகள் பல, நடைமுறையில் அதனினும் உயர்ந்த சித்தியை எதிர்பார்க்கின்றன. வேறு பட்டம் பெற்றவர்களும் மாற்றுநெறி முதுகலை ஒன்றினால் இத்தகுதியை அடையலாம்.

இரண்டாம் படியே பல குடும்பங்கள் தடுக்கி விழும் இடம். மருத்துவ உளவியலாளராக விரும்புவோர் மூன்றாண்டுக் கலாநிதிப் பயிற்சி பெற வேண்டும். இங்கிலாந்தில் இவ்விடங்களுள் பெரும்பாலானவற்றுக்குத் தேசிய சுகாதார சேவை நிதி வழங்குகின்றது. பயிலுநர் கட்டணம் செலுத்துவதில்லை. சம்பளப் படிநிலை ஆறில் ஊதியமும் பெறுகின்றனர். தகுதி பெற்றதும் படிநிலை ஏழு. இச்சலுகை காரணமாகவே போட்டி கடுமையானது. பட்டம் முடிந்த கையோடு இடம் பெறுவோர் அரிது. உதவி உளவியலாளர், பராமரிப்புப் பணியாளர், ஆய்வு உதவியாளர் போன்ற பணிகளில் அனுபவம் பெற்று, இரண்டு மூன்று முறை விண்ணப்பித்த பின்னரே பலர் உள்நுழைகின்றனர். "பட்டம் எடுத்த பிள்ளை முதியோர் இல்லத்தில் வேலை செய்கின்றதே" என்று பெற்றோர் கலங்கும் அந்த ஆண்டுகள் வீணான ஆண்டுகள் அல்ல. அவையே விண்ணப்பத்தின் உயிர்.

வேறு வாயில்களும் உண்டு. பொருளியலாளர் ரிச்சர்ட் லெயார்ட், உளவியலாளர் டேவிட் கிளார்க் ஆகியோரின் முயற்சியால் 2008 இல் இங்கிலாந்தில் தொடங்கிய பேச்சுவழிச் சிகிச்சைத் திட்டம், மனச்சோர்வும் பதகளிப்பும் உடையோருக்கான சேவையாக வளர்ந்துள்ளது. அதில் உளநலப் பணியாளராக ஓராண்டு ஊதியத்துடன் பயிலலாம். படிநிலை நான்கில் தொடங்கி, தகுதி பெற்றதும் ஐந்துக்கு உயரலாம். ஆயினும், இப்பயிற்சியை முடித்தவர் சுகாதார சேவையின் நிதியில் மற்றொரு உளவியற் பயிற்சியைத் தொடங்கப் பொதுவாக இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்ற விதியையும் முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று.

சிறுவரோடு பணிபுரிய விரும்புவோருக்குக் கல்வி உளவியல் உகந்தது. சிறப்புக் கல்வித் தேவையுள்ள பிள்ளைக்கான சட்டபூர்வ மதிப்பீட்டில் கல்வி உளவியலாளரின் ஆலோசனை பெறப்படல் வேண்டும் என்பது இங்கிலாந்தின் சட்டம். ஆகவே உள்ளூராட்சி சபைகளுக்கு இவர்களின் தேவை ஓயாது. புள்ளிவிபரத்தில் தேர்ச்சி உடையோர் தரவு ஆய்விலும், மென்பொருள் நிறுவனங்களில் பயனர் ஆய்விலும் இடம் பெறலாம். ஒரு செயலியை மனிதர் ஏன் பாதியில் கைவிடுகின்றனர் என்பதனை ஆராய்வதற்கு, சோதனை வடிவமைக்கத் தெரிந்தவரே தேவை. ஆசிரியப் பணி, சமூகப்பணி, மனிதவளம், நன்னடத்தைத் துறை ஆகியனவும் திறந்தே உள்ளன.

இவற்றுக்கு அப்பால், எமது இளையோரிடம் மாத்திரம் உள்ள ஒரு தகைமையும் உண்டு. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் மருத்துவரிடம் "ஒரே யோசனையாக் கிடக்குது" என்று சொல்லும்போது, அவர் சிந்தனையைக் குறிப்பிடவில்லை. நித்திரையைத் தின்னும் கவலையைக் குறிப்பிடுகின்றார். மொழிபெயர்ப்பாளர் அதனைச் 'சிந்திக்கின்றார்' என்று மொழிபெயர்த்தால் நோய் அறையை விட்டு வெளியேறிவிடும். போர் எம் மக்களின் மனங்களில் ஏற்படுத்திய காயங்களை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1998 இல் வெளிவந்த தமது ஆங்கில நூலில் பதிவு செய்தார். 2009 மே மாதத்தின் பின்னர் அக்காயங்கள் மேலும் ஆழமாயின. அவற்றைச் சுமந்தவாறு இலண்டனிலும் பிற நகரங்களிலும் முதுமை எய்தும் பெற்றோருக்கு, அவர்களின் சொல்லை அச்சொல்லாகவே கேட்கும் செவிகள் தேவை. 'விசர்' என்ற சொல்லுக்கு அஞ்சி வாய் திறவாதிருப்போர், தம் பிள்ளையின் வயதுடைய ஒருவர் தமிழில் பேசும்போது மெல்லத் திறப்பர்.

ஆதலால் இளையோர் முதலாம் ஆண்டிலேயே இப்படிக்கட்டை வரைந்து, கோடை விடுமுறைகளைத் தன்னார்வப் பணியில் செலவிட வேண்டும். தமிழைப் பேசவும் எழுதவும் கற்று, அதனைத் தொழில்சார் தகைமையாகவே விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும். பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்றே. ஐந்தாண்டு மருத்துவப் படிப்புக்கும் அதன் பின்னரான பயிற்சிக்கும் முகம் சுளிக்காமல் காத்திருக்கும் அதே பொறுமையை, உளவியல் படித்த பிள்ளைக்கும் வழங்க வேண்டும். அடுத்த கலியாண வீட்டில் அந்தக் கேள்வி எழும்போது, "இன்னும் ரெண்டு படி இருக்குது, ஏறிக்கொண்டிருக்கிறா" என்று தந்தையே முந்திக்கொண்டு பதில் கூறினால், அப்பிள்ளைக்கு அதனை விடப் பெரிய ஊக்கம் வேறில்லை.